மேடவாக்கத்திலிருந்து திரும்பி வந்த ஹெட்போன்

எனக்கு எழுத வராது. எட்டாவதோடு படிப்பு நின்றது. பொழிச்சலூரில் நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது ஒரு பொம்மைத் தலை வாங்கியிருக்கிறார்கள். ரப்பர் காது. காதுக்குள் மைக். அதன் மேல் ஹெட்போனை மாட்டினால் கம்ப்யூட்டரில் கோடு வருகிறது. போய்ப் பார்த்தேன். நல்ல சாமான். கொட்டாவி விடாது, லீவு கேட்காது. அங்கே இருக்கும் பிள்ளைகள், "இது வர்றதுக்கு முன்னாடி எப்படி சார் பார்த்தீங்க? எழுதிக் குடுங்க" என்றார்கள். சரி என்று உட்கார்ந்தேன்.

என் வேலை ஹெட்போன் கேட்பது. ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு ஆம்ப்ளிஃபயர். கேட்டுவிட்டு, கடைக்குப் போகலாம் அல்லது போகக் கூடாது என்று சொல்ல வேண்டும். அதற்குச் சம்பளம். என் மாமனார் கடைசிவரை இதை நம்பவில்லை. "மாப்பிள்ளை பாட்டு கேக்குறாரு, மாசம் பொறந்தா காசு குடுக்குறாங்களாம்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அதற்கு முன் குரோம்பேட்டையில் ஸ்பீக்கர் ரிப்பேர். கிழிந்த காகிதக் கோனைப் பிய்த்துப் புதுசு ஒட்டுவது. செப்புக் கம்பியில் காயில் சுற்றுவது. கல்யாணம், காதுகுத்து, தேர்தல், எதில் கத்தினாலும் ஸ்பீக்கர் கிழியும். என் இளமை அதில் போனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எஸ்தர் மேடம் ஒரு நாள் பழைய ஸ்பீக்கரோடு கடைக்கு வந்தார். சரி செய்தேன். போட்டுக் கேட்டார். "இதுல இப்ப என்ன குறை?" என்றார். சரி செய்தவனிடமே இப்படிக் கேட்ட ஆள் அதுவரை யாரும் இல்லை. "கீழ் சத்தம் கொஞ்சம் தடிச்சிருக்கு. கோன் புதுசு. ஓட ஓட சரியாயிடும்" என்றேன். வேலைக்கு வருகிறீர்களா என்றார். போனேன்.

மேடம் காலேஜில் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டு ஹெட்போன் செய்ய வந்தார். பொழிச்சலூரில் மாடி வீடு. மேலே அவர் குடியிருந்தார். கீழே நாங்கள். கும்பல் இல்லை. பிலிம் ஒட்டுகிற மேஜையில் லதா. பம்மல்காரப் பெண். கை சுத்தம், வாய் சத்தம்.

நாங்கள் செய்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ஹெட்போனுக்குள் குட்டி ஸ்பீக்கர் இருக்கும். எங்களுடையதில் அது இல்லை. வெங்காயச் சருகு மாதிரி ஒரு பிலிம். அதன் மேல் மெல்லிய அலுமினியக் கோடு. பிலிமுக்கு இரண்டு பக்கமும் காந்தம். கரண்ட் போனால் பிலிம் முழுவதும் ஆடும். இதைப் பிளேனார் என்பார்கள். பின்பக்கம் மூடி கிடையாது. சல்லடை மாதிரி வலை மட்டும். அதற்கு ஓப்பன் பேக் என்று பெயர். பாட்டு காதுக்கும் போகும், வெளியேயும் போகும். வெளிச் சத்தமும் உள்ளே வரும். மூடி இல்லாததால்தான் பாட்டு தலைக்குள் அடைபடாமல் எதிரே விரிந்து நிற்கும்.

இப்படிப்பட்ட ஹெட்போனை ஏர்போர்ட் பக்கத்தில் உட்கார்ந்து சோதித்தோம். விமானம் தலைக்கு மேல் போகும். கையைத் தூக்குவேன். எல்லோரும் நிறுத்துவார்கள். போன பிறகு கையை இறக்குவேன். லதா அந்த இடைவெளியில் பக்கத்து வீட்டுக் கதை ஒன்றைத் தொடங்குவாள். அடுத்த விமானத்தில் முடிப்பாள்.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. தலையில் எண்ணெய் கூடாது. காதில் படுகிற பேட் ஊறிவிடும். மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டும். அதன் காம்பு பேடைத் தூக்கும். அந்தச் சந்தில் கீழ் சத்தம் ஓடிவிடும். பெண்கள் ஜிமிக்கி கழற்ற வேண்டும். மேடம் தன் தோட்டைக் கழற்றி ஒரு டபராவில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார். முதலாளி என்று விலக்கு இல்லை.

முதலில் ஒரே ஒரு சத்தம். அடித்தொண்டையில் தொடங்கி விசில் வரை மெல்ல ஏறும். பிலிமில் ஒரு முடி ஒட்டியிருந்தாலும் நடுவில் ஈ பறக்கிற மாதிரி கேட்கும். ஈ பறந்தால் பிரிக்க வேண்டும். பெரும்பாலும் நீள முடியாக இருக்கும்.

"உன் முடிதான்" என்பேன்.

"என் முடின்னு பேரு எழுதி ஒட்டிக்குதாண்ணா?" என்பாள் லதா. "மேடமுக்கும்தான் முடி கீது. அவங்கள கேளேன் பாப்போம்."

அடுத்து ஒரு பெண் தனியாகப் பாடுவது. இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் குரல் நெற்றிக்கு நேரே நிற்கும். ஒரு பக்கம் பிலிம் தளர்ந்திருந்தால் பாடுகிறவள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவாள். பிறகு நாதஸ்வரமும் தவிலும். பிறகு தாம்பரத்துச் சர்ச் ஒன்றில் மேடமே பதிவு செய்த கூட்டுப் பாட்டு. ஆளுக்கு ஆள் தள்ளி நிற்பது தெரிய வேண்டும்.

கடைசியில் லதாவின் குரல். நமக்குத் தெரிந்த குரல் ஒன்று வேண்டும் என்று மேடம் பதிவு செய்து வைத்தது. வேறென்ன பேசுவது என்று தெரியாமல் அவள் சொன்னது: "இன்னாண்ணா, டீ ஆறிப்போவுது. வர்றியா இல்லியா?" கேட்கும்போது லதா லதாவாக இருக்க வேண்டும். சளி பிடித்த லதா என்றால் தள்ளிவிடுவேன்.

ஒரு மாடலுக்குப் பல மாதம் உழைத்தோம். ஒரு நாள் காலையில் அதை மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். லதா டீக்குக் கூப்பிட்டாள். கழற்றி வைத்துவிட்டு வெளியே போனேன். டீயும் இல்லை, லதாவும் இல்லை. அன்று அவள் லீவு. உள்ளே திரும்பி வந்தேன். மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க போனீங்க?"

"டீ குடிக்க மேடம்."

அவருக்குப் புரிந்தது. சத்தமாகச் சிரிக்கிறவர் இல்லை. அன்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மாடல்தான் கடைக்குப் போனது.

மேடம் ஒரு நாளும் "நல்லாயிருக்கா?" என்று கேட்டதில்லை. "என்ன குறை?" என்றுதான் கேட்பார். ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டார். எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பார். எனக்கும் பாதி தருவார். உரித்து முடிப்பதற்குள் ஒரு குறை ஞாபகம் வந்துவிடும். என் முடிவை அவர் மாற்றியதில்லை. சந்தேகம் வந்தால், "இன்னொரு தடவை" என்பார். அவ்வளவுதான். ஹெட்போனைத் திருப்பித் தரும்போது குழந்தையைக் கை மாற்றுகிற மாதிரி இரண்டு கையாலும் தருவார்.

எங்கள் சாமான் நடுவிலை. மலிவும் இல்லை, கொள்ளை விலையும் இல்லை. அதைப் பற்றி மேடம் ஒன்று சொல்வார். "மலிவா வாங்குறவன் மன்னிச்சிடுவான். ரொம்ப விலை குடுத்தவன் நல்லா இருக்குன்னு தனக்குத் தானே சொல்லிக்குவான். நடுவுல வாங்குறவன் ஆசைப்பட்டு, சேர்த்து வச்சு வாங்குறான். அவன்தான் ஒழுங்கா கேப்பான். அவனுக்குப் பதில் சொல்ற மாதிரி பாருங்க." நடுவிலையில் எல்லாமே சரியாக இருக்காது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதுதான் வேலை. உச்சியில், அதாவது மேல் சத்தத்தில், கொஞ்சம் பளபளப்பு குறைந்தால் விடுவோம். மனுஷக் குரல் கெட்டால் விட மாட்டோம். தலையில் கனத்தால் விட மாட்டோம்.

இப்போது ஒரு கஷ்டமான கேஸுக்கு வருகிறேன்.

மேடவாக்கத்திலிருந்து ஒரு ஜோடி திரும்பி வந்தது. வாங்கியவர் பெயர் பிரபு. ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. மரியாதையாகப் பேசினார். "சார், பாட்டு பக்கெட்டுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. கீழ் சத்தமும் இல்ல. உங்க சாமான் விரிஞ்சு கேக்கும்னு சொன்னாங்களே" என்றார்.

கேட்டேன். விரிந்துதான் கேட்டது. மேடம் கேட்டார். அவருக்கும் அப்படியே. பேடை மாற்றி அனுப்பினோம்.

திரும்பி வந்தது. அதே குறை. இந்த முறை அதை வைத்துக்கொண்டு வேறு புது ஜோடி அனுப்பினோம். நானே பொறுக்கிக் கேட்டு அனுப்பினேன்.

அதுவும் திரும்பி வந்தது. அதே பக்கெட்.

அன்று விமானம் போனபோது கையைத் தூக்கக்கூட மறந்துவிட்டேன். ஒரு ஜோடி கெட்டுப்போகலாம். இரண்டு ஜோடியில் ஒரே குறையா? அப்படியென்றால் குறை கேட்கிற இடத்தில் இருக்கிறது. கேட்டவன் நான். எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இளமை முழுவதும் கூம்பு ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றவன். மேடம் என்னைவிட மூத்தவர்.

லதா மெதுவாக வந்தாள். "அண்ணா, நான் கேட்டேன். எனக்கும் நல்லாத்தான் கீது."

"நீ என்னைப் பார்த்துச் சொல்ற."

"ஆமா, உன் மூஞ்சிய பார்த்தா பாவமா கீது. அதுக்காக பொய் சொல்லுவனா?"

சொல்லக் கூடியவள்தான்.

அந்தச் சமயம் ஒரு பெரிய ஆர்டர் தயாராக நின்றது. எல்லாம் நான் கேட்டுப் போகலாம் என்று சொன்னவை. என் காது போயிருந்தால் எல்லாவற்றையும் திரும்பக் கேட்க வேண்டும். வேறு ஆள் கேட்க வேண்டும். எனக்கு அந்த நாற்காலி இல்லை. எனக்கு வேறு வேலையும் தெரியாது. ஸ்பீக்கர் கடைக்குத் திரும்பிப் போக இடுப்பு ஒத்துழைக்காது.

மேடத்திடம் நானே போனேன். "காதை டெஸ்ட் பண்ணிடுறேன் மேடம்."

கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார். "பண்ணலாம். முதல்ல அவர் வீட்டுக்குப் போய், அவர் உக்கார்ற இடத்துல உக்காந்து கேளுங்க. நீங்க வர்ற வரைக்கும் பெட்டி கட்ட வேணாம்."

சனிக்கிழமை. வண்டியை எடுத்தேன். பம்மல், பல்லாவரம், கீழ்க்கட்டளை. மேடவாக்கம் வந்ததும் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். வழியெல்லாம் ஹாரன் சத்தத்தை எண்ணிக் கேட்டேன். எல்லாம் கேட்டது. ஆனால் ஹாரன் கேட்பது ஒரு சாமர்த்தியமா?

அடுக்குமாடி வீடு. பிரபுவே கதவைத் திறந்தார். முப்பது வயது இருக்கும். "நீங்களே வந்துட்டீங்களா சார்" என்று கூச்சப்பட்டார். நல்ல சுத்தமான வீடு. ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. மிக்சிக்குப் பூப்போட்ட உறை. டி.வி. ரிமோட் பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. சோபாவுக்கு உறை, அந்த உறைக்கு மேல் ஒரு துண்டு. நம் வீடுகளில் எல்லாம் இப்படித்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புது ஜோடி எதையும் நான் எடுத்துப்போகவில்லை. கடைசியாகத் திரும்பி வந்ததையே கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைக் கொடுத்தேன். "எப்பவும் எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேளுங்க" என்றேன்.

சோபாவில் உட்கார்ந்தார். மாட்டினார். பாட்டு போட்டார். முகம் மாறியது. கழற்றிப் பார்த்தார். திரும்ப மாட்டினார்.

"சார்... இப்ப நல்லா இருக்கு."

அவர் முகத்தையே பார்த்தேன்.

"நிஜமா சார். சும்மா சொல்லல. போன வாரம் இப்படி இல்ல. நான் ஒண்ணும் வேணும்னு..." அவருக்கு வியர்த்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆள் வந்ததும் ஒளிந்துகொள்கிற குறை மோசமான குறை. திரும்பிப் போய் மேடத்திடம் என்ன சொல்வது?

அப்போது அவர் அம்மா காபியோடு வந்தார். டம்ளரை என் கையில் கொடுத்தார். மகன் மேஜையில் வைத்திருந்த ஹெட்போனைப் பார்த்தார்.

"என்னடா இது, சட்டை இல்லாம வச்சிருக்க? தூசி போவுதுல்ல?"

அலமாரியைத் திறந்தார். கறுப்பாக இரண்டு சின்ன உறைகளை எடுத்தார். ஹெட்போனின் பின்பக்கம், அந்த வலை இருக்கிற இடத்தில், ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துவிட்டார். எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது. வேலை முடிந்ததும் கையைத் தட்டிக்கொண்டார்.

"தம்பி, இப்ப போட்டுக் கேளுங்க" என்றேன்.

பிரபு மாட்டினார். எழுந்தே விட்டார். "இதான் சார்! இதான்! பக்கெட்!"

"நான் என்னடா பண்ணேன்?" என்றார் அம்மா.

வாங்கிக் கேட்டேன். பக்கெட்டேதான். உறையைத் தொட்டுப் பார்த்தேன். லைனிங் துணி இரண்டு மடிப்பு. நடுவில் பஞ்சு. ஓப்பன் பேக் ஹெட்போனின் முதுகை அந்த அம்மா மெத்தை வைத்து மூடியிருந்தார்.

"எங்ககிட்ட திருப்பி அனுப்பும்போது இது இல்லையே தம்பி?"

"ரிட்டர்ன் போடும்போது வந்த மாதிரியேதானே சார் அனுப்பணும்? கழட்டிட்டு அனுப்பினேன்." கொஞ்சம் யோசித்தார். "சத்தம் உள்பக்கம்தானே வருது. வெளிப்பக்கம் மூடினா என்ன ஆகும்னு நினைச்சேன்."

நியாயமான பேச்சு. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அம்மா விடவில்லை. "நீங்க கம்பெனிக்காரரா? பின்னாடி ஓட்டையாவே விட்டுட்டீங்களே. மூட மறந்துட்டாங்க, பையன் ஏமாந்துட்டான்னு நான்தான் அளவு எடுத்துத் தைச்சேன். காரணத்தைச் சொன்னா உங்ககிட்ட சண்டைக்குப் போவான்னு, தூசிக்குன்னு சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. அன்று காபி சட்டையில் கொட்டியது. பிரபு முதலில் விழித்தார். பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லா சிரிங்க. ஓட்டைய மூடினது ஒரு குத்தமா?"

மேடத்துக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"என்ன குறை?" என்றார்.

"குறை இல்ல மேடம். அம்மா சட்டை தைச்சுப் போட்டிருக்காங்க."

"உங்களுக்கா?"

"ஹெட்போனுக்கு."

விக்கல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு தூரத்தில் லதா, "இன்னா மேடம், இன்னா ஆச்சு? ஏன் அழுவுறீங்க?" என்று கேட்பது கேட்டது. மேடம் அழவில்லை. "அவர் காதும் சரி, என் காதும் சரி மேடம்" என்றேன். "பெட்டி கட்டச் சொல்றேன்" என்றார்.

போன வேலை முடிந்தது. ஆனால் அம்மாவுக்கு முடியவில்லை. "அது சரி. நான் மத்தியானம் படுக்கறப்போ இதுலேர்ந்து சத்தம் வருதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார்.

நாங்கள் முடியைப் பார்த்தோம், பேடைப் பார்த்தோம், கனத்தைப் பார்த்தோம். பக்கத்தில் ஒரு அம்மா படுத்திருப்பார் என்று பார்க்கவில்லை. "அம்மா, நீங்க ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றேன். தோட்டைக் கழற்றச் சொன்னேன். ஏன் என்று சந்தேகத்தோடு கேட்டார். மகன் உத்தரவாதம் கொடுத்த பிறகு கழற்றினார். உறையை எடுத்துவிட்டு மாட்டிவிட்டேன். எங்கள் கூட்டுப் பாட்டைப் போட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் திருப்பினார். பிறகு காதில் மாட்டியபடியே உரக்கச் சொன்னார். "காத்தாட இருக்குடா! மொட்டை மாடியில உக்காந்து கேக்கற மாதிரி! அந்த ஓரத்துல ஒருத்தன் பாடறான் பாரு, எனக்கு இந்தப் பக்கம் ஒரு பொண்ணு!"

ஓப்பன் பேக் ஹெட்போனைப் பற்றிப் பெரிய பெரிய ஆட்கள் எழுதியதை மேடம் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். காத்தாட இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை.

அங்கேயே பேசி முடித்தோம். மத்தியானம் பாட்டு கிடையாது. உறை, சும்மா வைத்திருக்கும்போது மட்டும். உறையை எடுத்துப்போய்க் காட்டியதில் அம்மாவின் தையல் மேடத்துக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பிறகு எங்கள் பெட்டியில் ஒவ்வொரு ஹெட்போனோடும் ஒரு ஜோடி கறுப்பு உறை போனது. மேடவாக்கத்தில் தைத்தது. கேட்கும்போது கழற்றவும் என்று பெட்டி மேலேயே அச்சடித்தோம்.

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் காது டெஸ்ட் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். குறை இல்லை என்று ஆன பிறகும் மனதுக்குள் ஈ பறந்தது. தாம்பரத்தில் போய்ப் பார்த்தேன். சத்தம் புகாத பெட்டி மாதிரி ஒரு சின்ன ரூமுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கீழ் சத்தம், குரல் எல்லாம் நன்றாக இருக்கிறது, உச்சியில் கொஞ்சம் போயிருக்கிறது, வயதுக்கு இது சகஜம் என்றார் டாக்டர்.

மேடத்திடம் அப்படியே சொன்னேன். நாற்காலியை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"எப்படி மேடம்?"

"ரெண்டு வருஷமா உச்சியில குறைன்னு நீங்க ஒரு ஜோடியும் தள்ளல. அதனால நீங்க முடிச்ச பிறகு லதாவைக் கூப்பிட்டு மேல் சத்தம் மட்டும் கேக்கச் சொல்லிட்டிருந்தேன். குரல் விஷயத்துல உங்க காது வேற யாருக்கும் இல்ல. அது போதும்."

லதா தலையைக் குனிந்துகொண்டு பிலிம் ஒட்டினாள். பெரிய ஆர்டர் முழுவதையும் அவளும் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அத்தனை பேசுகிறவள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ எழுந்து பூடுவ. அப்புறம் யாரு என் முடிய கண்டுபுடிக்கறது?"

திங்கட்கிழமை ரூமுக்குள் இன்னொரு நாற்காலி வந்தது. கீழேயிருந்து குரல் வரை நான். அதற்கு மேல் லதா. ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் ஓடியது. ஒன்று மட்டும் உண்டு. ஓப்பன் பேக் ஆனதால் ஒரே ரூமில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் கேட்க முடியாது. ஒருவர் சத்தம் மற்றவருக்குப் போகும். அவள் கேட்கும்போது நான் சும்மா உட்கார வேண்டும், நான் கேட்கும்போது அவள் வாயை மூட வேண்டும். எனக்குச் சுலபமாக இருந்தது. அவள்தான் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டாள்.